முன்னட்டை உங்களுக்கு, பின்னட்டை எங்களுக்கு

அயல்மொழிப் படங்களை டிவிடி, புளூ-ரே, ஓடிடி வழியே வெளியிடும் நிறுவனங்களின் விற்பனைப் பிரிவினருக்கும் அட்டை வடிவமைப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புடையீர், வணக்கம்.

1985இல் அமெரிக்காவில் வெளியான 'வாரியர்ஸ் ஆஃப் தி விண்ட்' படத்தின் வீடியோ கேசட் அட்டையைத் தேடி எடுத்து ஒருமுறை பாருங்கள். பூதம் போன்ற ஒரு ராட்சத உருவத்தின் மேல் ஆண் வீரர்கள் கும்பலாக ஏறி வருகிறார்கள். அந்த வீரர்களில் ஒருவர்கூடப் படத்தில் கிடையாது. கதை முழுவதையும் தோளில் சுமக்கும் பெண் பின்னணியில் எங்கோ ஒதுங்கி நிற்கிறாள்.

கேசட்டுக்குள் இருந்தது ஜப்பானிய இயக்குநர் ஹயாவோ மியாசாகியின் அனிமேஷன் படமான 'நௌசிகா' (1984). நச்சுக்காற்றைக் கக்கும் காடு ஊர்களை விழுங்கிக்கொண்டே வருகிறது. எரித்துவிடலாம் என்று எல்லோரும் தீப்பந்தம் எடுக்கிற வேளையில், ஆழத்திலிருந்து இறைத்த நீரையும் நல்ல மண்ணையும் கொடுத்தால் அதே செடி நஞ்சில்லாமல் வளர்கிறதா என்று நிலவறையில் தொட்டி வைத்துச் சோதித்துப் பார்க்கிற பெண்ணின் கதை அது. 117 நிமிடப் படத்தில் ஏறத்தாழ 22 நிமிடத்தை வெட்டினார்கள். நௌசிகா 'சாண்ட்ரா' ஆனாள். முழுப் படம் ஆங்கிலத்தில் முறையாக அமெரிக்கக் கடைகளுக்கு வர 2005 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பின்னாளில் மியாசாகியின் 'பிரின்சஸ் மொனோனோகே'யை வெளியிட வந்த அமெரிக்க நிறுவனத்துக்கு, தயாரிப்பாளர் தொஷியோ சுசுகி ஒரு ஜப்பானிய வாளையும் கூடவே 'வெட்டாதே' என்ற செய்தியையும் கொடுத்தார் என்பது திரையுலகில் எல்லோரும் சிரித்துக்கொண்டே சொல்லும் கதை. சிரிப்புக்குப் பின்னால் இருப்பது அந்த 22 நிமிடம்.

அட்டையைப் பார்த்து வேறெதையோ எதிர்பார்த்து உட்கார்ந்து, கண்கலங்கி எழுந்தவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. "எப்படியோ படம் போய்ச் சேர்ந்துவிட்டதே" என்று உங்கள் தரப்பு அதை வெற்றியாக எடுத்துக்கொள்கிறது. கணக்கின் மறுபக்கத்தையும் பாருங்கள். வாள்சண்டை தேடி வந்தவர் இருபதாவது நிமிடத்தில் வட்டை உருவிவிடுகிறார். அந்தப் படம் யாருக்குப் பிடித்திருக்குமோ அவரோ அட்டையைப் பார்த்ததும் நீட்டிய கையை இழுத்துக்கொள்கிறார். வாங்கித் திருப்பிக் கொடுத்தவரை நீங்கள் எண்ணிவிடலாம். எடுக்காமலே நகர்ந்து போனவர் எந்த விற்பனைப் பட்டியலிலும் வரமாட்டார். பத்துப் பேர் தற்செயலாகக் கண்டுபிடித்தார்கள் என்பதை வைத்து அட்டை வேலை செய்கிறது என்று சொல்வது, மழைக்கு ஒதுங்கியவர்களை எண்ணி விருந்துக்கு நல்ல கூட்டம் என்பது போல.

இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது. இசாவோ தகஹாதாவின் 'மின்மினிகளின் கல்லறை' (1988) அனிமேஷன் என்பதாலேயே குழந்தைகள் அடுக்கில் போய் உட்கார்ந்துவிடும். 1945இல் அமெரிக்க விமானங்கள் எரிகுண்டு வீசிய கோபே நகரில் 14 வயது அண்ணனும் 4 வயதுத் தங்கையும் தாயை இழந்து பசியோடு அலைகிற படம். ஜப்பானில் அது முதலில் திரைக்கு வந்ததே 'என் அண்டைவீட்டுத் தொதோரோ'வுடன் இரட்டைக் காட்சியாகத்தான், 1988 ஏப்ரலில். ஒரே டிக்கெட்டில் வயிறு நிறைந்த கரடி போன்ற வனதேவதையும் பட்டினியில் மெலியும் குழந்தையும்! அழைத்து வந்த பெற்றோரின் முகத்தை நினைத்துப் பாருங்கள்.

ஆனால் அந்தப் படத்தின் மூல போஸ்டர் பொய் சொல்லவில்லை. இருட்டில் புல்வெளி, இரண்டு பிள்ளைகள், சுற்றிலும் ஒளிப்புள்ளிகள். மேலே கறுத்துக் கிடக்கும் வானத்தில் வெளிச்சத்தைக் கூட்டினால் ஒரு பி-29 குண்டுவீச்சு விமானத்தின் உருவம் தெரிகிறது. மின்மினி என்று நாம் எண்ணிய புள்ளிகளில் சில விமானத்திலிருந்து விழும் நெருப்பு. இப்படியொரு போஸ்டரைச் சின்ன அட்டைக்கு இறக்கும்போது இரண்டு இடத்தில் கெடும். அளவுக்குப் பொருந்தவில்லை என்று மேல்பகுதியை வெட்டினால் விமானம் போய்விடும். வெட்டாவிட்டாலும், நான்கு நிற அச்சில் இருட்டான பகுதியில் நான்கு மைகளின் சதவீதத்தையும் கூட்டி வரும் மொத்தம் 300ஐத் தாண்டினால் நுணுக்கம் அடைத்துக்கொண்டு வெறும் கறுப்பாகிவிடும். மிச்சம் இருப்பது தோட்டத்தில் விளையாடும் இரண்டு குழந்தைகள். ஆக, யாரும் வேண்டுமென்று பொய் சொல்லாமலே ஓர் அட்டை பொய்யாகிவிட முடியும். அச்சுக்கு அனுப்புமுன் நிழல் பகுதியைத் தனியாகச் சோதித்துப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

"சோகம் என்று எழுதினால் முடிவைச் சொன்னதாகிவிடுமே" என்று உங்கள் விளம்பரப் பிரிவு தயங்கலாம். அந்தப் படம் தொடங்குவதே அந்தப் பையன் தான் இறந்த இரவின் தேதியைத் தன் வாயால் சொல்வதில்தான். இயக்குநர் முதல் நிமிடத்தில் சொன்னதை நீங்கள் பின்னட்டையில் மறைத்து என்ன ஆகப்போகிறது?

கிய்யெர்மோ தெல் தோரோவின் 2006 படத்தின் ஸ்பானியத் தலைப்புக்குப் பொருள் 'ஃபானின் புதிர்ப்பாதை'. ஆட்டுக்கால் கொண்ட அந்த வனதேவன் கிரேக்கர்களின் 'பான்' கிடையாது என்று இயக்குநரே சொல்லியிருக்கிறார். ஆங்கிலத் தலைப்போ 'பான்ஸ் லேபிரிந்த்'. காட்டில் நிற்கும் சிறுமியையும் இந்தத் தலைப்பையும் சேர்த்துப் பார்ப்பவருக்கு விடுமுறைக்கால மாயக்கதை போலத்தான் தோன்றும். உள்ளே 1944 ஸ்பெயின், உள்நாட்டுப் போர் முடிந்தும் ஓயாத வேட்டை, கண்ணாடிப் பாட்டிலால் ஒருவன் முகத்தை அடித்து நொறுக்கும் இராணுவ அதிகாரி. அமெரிக்காவில் 17 வயதுக்குட்பட்டோர் பெரியவர் துணையோடுதான் பார்க்கலாம் என்னும் 'ஆர்' சான்றிதழ், பிரிட்டனில் 15 வயது நிரம்பியோருக்கான '15'. அந்த எண் பின்னட்டையின் கீழ்மூலையில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு இருக்கிறது. அதன் காரணம் எங்குமே இல்லை.

இனி வடிவமைப்பாளர்களிடம் ஒரு வார்த்தை. உங்களைக் குறை சொல்ல எங்களுக்கு மனமில்லை. பல சமயம் உங்கள் கைக்கு வருவது கொஞ்சம் ஸ்டில்கள், இரண்டு வரிக் கதைச்சுருக்கம், 'திகில்' அல்லது 'ஆக்‌ஷன்' என்று ஒரு சொல், கூடவே ஒரு கெடு. டிவிடி உறையைப் பிரித்தால் 273 மில்லிமீட்டர் அகலம், 183 உயரம். நடுவில் முதுகுக்கு 14 போனால் பின்னட்டைக்கு 130க்கும் சற்றுக் குறைவு. அதிலும் கீழே பார்கோடு, சான்றிதழ் முத்திரை, ஒலி முறைச் சின்னங்கள், காப்புரிமை வரிகள், கலைஞர் பெயர்கள் என்று மூன்றில் ஒரு பங்கு போய்விடும். மிச்ச இடத்தில் நூறு சொல் எழுதுவதே பெரிய காரியம். படத்தைப் பார்க்காமல் அந்த நூறு சொல்லை எழுதுகிறவர் எல்லாப் படத்துக்கும் ஒரே நூறு சொல்லைத்தான் எழுதுவார். 'திருப்பங்கள் நிறைந்த', 'மூச்சை நிறுத்தும்' வகையறா.

ஒரு எளிய சோதனையை உங்கள் வேலைமுறையில் சேர்த்துக்கொள்ளுங்கள். முன்னட்டையில் தெரியும் ஒவ்வொரு ஆளுக்கும், ஆயுதத்துக்கும், வெடிப்புக்கும், விலங்குக்கும் அது படத்தின் எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது என்று வரைவின் ஓரத்தில் எழுதுங்கள். எழுத முடியாதது அட்டையிலிருந்து வெளியேற வேண்டும். நௌசிகாவின் ஆண் வீரர்கள் இந்த ஒரு கேள்வியிலேயே காணாமல் போயிருப்பார்கள். ஓவிய அட்டைக்கு இது பொருந்தாது என்று சொல்லாதீர்கள். விமானத்தை மறைத்து வைத்த அந்த ஜப்பானிய போஸ்டரும் ஓவியம்தான். அதில் உள்ள எல்லாவற்றுக்கும் நிமிடம் எழுதலாம்.

எழுதிய நிமிடங்கள் எல்லாம் கடைசி அரைமணிக்குள் விழுந்தாலும் சிக்கல்தான். தகாஷி மியிகேயின் 'ஆடிஷன்' (1999), மனைவியை இழந்த ஒருவர் மகனின் பேச்சைக் கேட்டு மறுமணத்துக்குப் பெண் தேடும் கதையாக நெடுநேரம் அமைதியாகவே போகும். பல அட்டைகளிலோ கையில் ஊசியோடு ஒரு பெண் நிற்கிறாள். இயக்குநர் ஒரு மணி நேரத்துக்கு மேல் பொறுமையாகக் கட்டியதை அட்டை ஒரு நொடியில் கவிழ்த்துவிடுகிறது. பொய்யில்லாத அட்டைதான், இருந்தும் படத்துக்கு எதிரி.

யாருடைய முகம் பெரியது என்பதும் இதில் சேர்ந்ததே. 'தி சஃபையர்ஸ்' (2012) என்ற ஆஸ்திரேலியப் படம், 1968இல் வியட்நாமில் அமெரிக்கப் படையினருக்குப் பாடச் சென்ற நான்கு பழங்குடிப் பெண்களைப் பற்றியது. 2013இல் வந்த அமெரிக்க டிவிடி அட்டையில் அவர்களின் மேலாளராக நடித்த வெள்ளைக்கார நடிகர் முன்னால் முழு வண்ணத்தில். நான்கு பெண்களும் அவர் முதுகுக்குப் பின்னால், நீலச் சாயம் பூசி. கதைக்கு மூலமான நிஜப் பாடகிகளே எதிர்ப்புக் கடிதம் எழுதினார்கள், வெளியீட்டு நிறுவனம் வருத்தம் தெரிவிக்க வேண்டி வந்தது. அதே ஆண்டின் இறுதியில் இத்தாலியில் '12 இயர்ஸ் எ ஸ்லேவ்' படத்துக்குச் சில நிமிடமே வரும் பிராட் பிட்டைப் பெரிதாகப் போட்ட போஸ்டர் வந்து, எதிர்ப்பில் திரும்பப் பெறப்பட்டது. அடிமையாக விற்கப்பட்டவரின் கதை அது. திரை நேரத்தில் முதலிடத்தில் இருப்பவர் அட்டையிலும் முதலிடத்தில் இருக்கட்டும் என்று கேட்பது பேராசையா?

இவ்வளவு சொன்னாலும் முன்னட்டை விற்பனைக்கானது என்பது எங்களுக்குப் புரிகிறது. சந்தையில் கூவித்தான் விற்க வேண்டும். முன்னட்டையில் கூவிக்கொள்ளுங்கள். பின்னட்டையை மட்டும் எங்களுக்கு விட்டுக்கொடுங்கள் என்பதே இம்மடலின் கோரிக்கை. அங்கே நாங்கள் தேடுவது என்ன, ஏன் தேடுகிறோம் என்பதைச் சொல்லிவிடுகிறோம்.

முதலில் நீளம். மூலப் படத்தின் நீளத்தையும் வட்டில் உள்ள நீளத்தையும் தனித்தனியாகப் போடுங்கள். திரைப்படம் நொடிக்கு 24 ஃபிரேம். இந்தியாவிலும் ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் வழங்கும் 'பால்' (PAL) காணொளி முறை டிவிடியில் அதை 25ஆக ஓட்டுவதால் படம் 4 சதவீதம் சுருங்கும். மூல நீளத்தை 0.96ஆல் பெருக்கினால் கணக்கு வந்துவிடும். 117 நிமிட நௌசிகா பால் வட்டில் 112 நிமிடம் இருந்தால் ஒன்றும் குறையவில்லை. 95 என்றால் கத்தி பட்டிருக்கிறது. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் வழங்கும் 'என்டிஎஸ்சி' (NTSC) முறை டிவிடியிலும் 24 ஃபிரேமில் ஓடும் புளூ-ரேயிலும் இந்தச் சுருக்கம் கிடையாது, அங்கே ஐந்து நிமிடம் குறைந்தாலே சந்தேகப்படலாம். மூல நீளத்தை அச்சடிக்காத உறையில் இந்தச் சோதனையைச் செய்ய வழியே இல்லை. பழைய கேசட் அட்டையில் 95 என்று மட்டும் பார்த்தவருக்கு அது முழுப் படம்தான்.

அடுத்து சப்டைட்டில். எங்களுக்கு மிகவும் வலிக்கிற இடம் இது. தோமாஸ் ஆல்ஃப்ரெட்சனின் ஸ்வீடிஷ் படம் 'லெட் தி ரைட் ஒன் இன்' (2008) ஒரு நல்ல பாடம். அமெரிக்காவில் திகில், ஆக்‌ஷன் வகைப் படங்களுக்கென்றே நடத்தப்படும் வெளியீட்டுப் பிரிவின் பெயரில் அது வந்தது. இரத்தக்காட்டேரி படம் என்பது பொய்யில்லை. ஆனால் அது 1980களின் தொடக்கத்தில் ஸ்டாக்ஹோம் புறநகர் அடுக்குமாடியில், பள்ளியில் அடிவாங்கி, இரவில் தனியே முற்றத்தில் நின்று மரத்தைக் கத்தியால் குத்திக்கொண்டிருக்கும் 12 வயதுப் பையனின் தனிமையைப் பற்றிய படம். பக்கத்து வீட்டுக்கு வந்த பிள்ளையோடு அவன் பழகுவது ஒரு ரூபிக் கனசதுரத்தில் தொடங்கி, சுவரின் இருபுறமும் இருந்து மோர்ஸ் சங்கேதத்தில் தட்டிப் பேசுவதில் வளர்கிறது. இப்படிப் பேச்சே குறைவான படத்தில் ஒவ்வொரு வரியும் எடை உள்ளது.

2009 மார்ச்சில் வந்த அமெரிக்க வட்டில், தியேட்டரில் காட்டிய சப்டைட்டிலுக்குப் பதிலாக வேறொன்று இருந்தது. வரிகள் சுருக்கப்பட்டு, நகைச்சுவையும் தயக்கமும் தட்டையாக்கப்பட்டு. ரசிகர்கள் இரண்டையும் காட்சி காட்சியாக அடுக்கி ஒப்பிட்டுக் காட்டியதும், இனி அச்சாகும் பிரதிகளில் தியேட்டர் சப்டைட்டில் இருக்கும், பின்னட்டையின் விவரப் பகுதியில் 'ஆங்கிலம் (தியேட்டர்)' என்று அச்சிட்டிருக்கும் என நிறுவனம் அறிவித்தது. கவனியுங்கள்: முன்னட்டையில் மாற்றம் தேவைப்படவில்லை. அடைப்புக்குறிக்குள் ஒரு சொல் போதுமானதாக இருந்தது. எந்தப் பிரதியை வாங்குவது என்று அந்த ஒரு சொல்லைப் பார்த்துத்தான் கடையில் முடிவு செய்தார்கள்.

சப்டைட்டிலில் சுருக்கம் தவிர்க்க முடியாதது என்று எங்களில் அந்த வேலை செய்வோருக்கே தெரியும். இரண்டு வரி, வரிக்கு நாற்பது எழுத்துச் சொச்சம், திரையில் அதிகபட்சம் ஆறேழு நொடி. வேகமாகப் பேசும் பாத்திரத்தின் பேச்சில் கணிசமான பங்கு விழத்தான் செய்யும். எதை விடுவது என்று மூலமொழி தெரிந்தவர் முடிவு செய்தாரா, டப்பிங் வசனத்தை அப்படியே எடுத்து அடியில் ஒட்டினார்களா என்பதே கேள்வி. டப்பிங் வசனம் வாயசைவுக்காக எழுதப்படுவது. உதடு மூடும் இடத்தில் உதடு மூடும் சொல் வேண்டும் என்பதற்காக அதில் பொருளே மாறியிருக்கும். அதைச் சப்டைட்டிலாகப் போட்டால், நடிகர் வாய் திறக்காத இடத்திலும் எழுத்து ஓடும், பேசும் இடத்தில் வெறுமையாக இருக்கும். ஆகவே 'சப்டைட்டில்: ஆங்கிலம்' என்பது போதாது. மூலமொழியிலிருந்து எழுதியதா, டப்பிங் வசனமா, செவித்திறன் குறைந்தோருக்கானதா என்று போடுங்கள். தமிழில் டப் செய்து ஓடிடியில் ஏற்றும்போதும் இதே கேள்வி உண்டு: கொரிய வசனத்திலிருந்து தமிழா, ஆங்கிலம் வழியாக வந்த தமிழா? எந்த வழி என்பதைச் சொல்லிவிட்டால் பார்ப்பவர் தன் எதிர்பார்ப்பை அதற்கேற்ப வைத்துக்கொள்வார்.

ஒலியைப் பற்றியும் ஒன்று. அதே ஸ்வீடிஷ் படத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளையாக நடித்த சிறுமியின் குரலை இயக்குநர் பயன்படுத்தவில்லை. இன்னும் தணிந்த குரல் வேண்டும் என்று வேறொருவரைப் பேசவைத்தார். அந்தப் பிள்ளை யார், என்ன வயது என்ற புதிரில் பாதி அந்தக் குரலில் இருக்கிறது. டப்பிங் ஒலியைத் தானாக ஓடும்படி வட்டில் வைத்தால் அது முதல் வசனத்திலேயே போய்விடும். பால் வட்டில் வேகம் கூடுவதால், திருத்தம் செய்யாவிட்டால் குரலும் ஏறத்தாழ முக்கால் அரைச்சுரம் மேலே ஏறும். எனவே மூலமொழி ஒலியே முதலில் ஓடட்டும்.

அட்டையில் விருதுச் சின்னமாகப் போடும் இலைக்கொத்துகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு இலைகளுக்கு நடுவே 'தேர்வு' என்று எழுதினால் அது விருது ஆகாது. எந்த விழா, எந்த ஆண்டு, என்ன பரிசு என்று மூன்றும் இல்லாத இலையை எடுத்துவிடுங்கள்.

ஓடிடிக்காரர்கள் "எங்களுக்குப் பின்னட்டையே கிடையாதே" என்று நழுவக் கூடாது. உங்கள் முன்னட்டைதான் இப்போது ஆளுக்கு ஒன்றாக மாறுகிறது. பார்வையாளரின் பழக்கத்துக்கு ஏற்ப ஒரே படத்துக்கு வேறு வேறு படங்களைக் காட்டுவதை நெட்ஃபிளிக்ஸே 2017இல் விளக்கி எழுதியது: காதல் படம் பார்ப்பவருக்குக் 'குட் வில் ஹண்டிங்'கில் காதலர்கள், நகைச்சுவை பார்ப்பவருக்கு அதே படத்தில் ராபின் வில்லியம்ஸ். ஆக, நண்பர் சொன்ன படத்தைத் தேடுகிறவரின் திரையில் நண்பர் பார்த்த அட்டையே இருக்காது. அப்படியானால் படத்தின் விவரப் பக்கத்தில் மூலத் தலைப்பு, மூலமொழி, ஆண்டு, இயக்குநர் ஆகிய நான்கும் மாறாமல் நிற்க வேண்டும். மூலத் தலைப்பைத் தட்டினாலும் படம் கிடைக்க வேண்டும். சான்றிதழ் விஷயத்தில் இந்தியாவில் உங்களுக்குச் சாக்குச் சொல்ல இடமில்லை: 2021ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்ப விதிகள் வயது வகையோடு உள்ளடக்கம் எப்படிப்பட்டது என்ற விவரிப்பையும் காட்டச் சொல்கின்றன. 'வன்முறை' என்ற ஒற்றைச் சொல்லால் அந்தக் கடமையை முடித்துக்கொள்ளாதீர்கள். கார்கள் வெடிப்பதும் வன்முறை, பசியில் ஒரு குழந்தை சாவதும் வன்முறை. இரண்டையும் தாங்கும் மனம் ஒன்றல்ல.

வெறுமனே குறை சொல்லிவிட்டுப் போகாமல், எங்கள் எண்ணத்தில் ஒரு பின்னட்டை எப்படி இருக்கும் என்று எழுதிக் காட்டுகிறோம். யார் வேண்டுமானாலும் இந்த அமைப்பை எடுத்துக்கொள்ளலாம், உரிமை எதுவும் கேட்க மாட்டோம்.

லெட் தி ரைட் ஒன் இன். மூலத் தலைப்பு: லோத் தென் ரெத்தே கொம்மா இன். ஸ்வீடன், 2008. இயக்கம்: தோமாஸ் ஆல்ஃப்ரெட்சன். திரைக்கதை: யோன் ஐவிதே லிண்ட்க்விஸ்ட், தன் நாவலிலிருந்து.

பனி மூடிய அடுக்குமாடி வளாகத்தில் நண்பர்கள் இல்லாத ஒரு பையன். பக்கத்து வீட்டுக்கு ஒரு பிள்ளை வருகிறது. அதற்குக் குளிர் தெரிவதில்லை, பகலில் வெளியே வருவதில்லை. ஊரில் கொலைகள் நடக்கின்றன. அச்சமூட்டும் காட்சிகள் உள்ள, மெதுவாகச் செல்லும் நட்புக் கதை. அதிரடி எதிர்பார்ப்பவர்களுக்கானது அல்ல.

மூல நீளம் 114 நிமிடம், இவ்வட்டில் (பால்) 109. வெட்டு இல்லை. திரை விகிதம் 2.35:1. ஒலி: ஸ்வீடிஷ். சப்டைட்டில்: ஆங்கிலம் (தியேட்டர்). பெரியவர்களுக்கு: பள்ளிச் சிறுவர்கள் அடித்துத் துன்புறுத்துவது, கொலை, இரத்தம், பூனைகள் ஒருவரைத் தாக்கும் காட்சி. டிரைபெக்கா விழா 2008, சிறந்த கதைப்படம்.

எண்பது சொச்சம் சொற்கள்தான். பார்கோடுக்கும் இடம் இருக்கிறது.

இப்படிக்கு,
சப்டைட்டில் எழுதுவோர், வாசிப்போர் சிலர்